பஸ் ஆ கயா, பஸ் ஆ கயீ: வாசகர் கேள்விகள்

போன இதழில், வளர்ந்தபின் தில்லிக்கு வந்து இந்தி கற்றவர்கள் அதன் இலக்கணத்தை எப்படிக் கையாள்கிறார்கள் என்று சின்னதாக எழுதியிருந்தேன். "விதி தெரியும், வேளைக்கு வராது" என்று அதில் ஒரு வரி. அந்த வரி பலரைச் சீண்டிவிட்டது போலிருக்கிறது. வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி புலம்பல். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கரோல்பாகிலிருந்து, கணக்கு எழுதி ஓய்வு பெற்ற ஒருவர்: தில்லிக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகிறது. பஸ் இந்தியில் பெண்பால் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஸ்டாப்பில் நிற்கும்போது, 'பஸ் வந்துவிட்டது' என்பதற்கு ஆண்பாலில் 'பஸ் ஆ கயா' என்றுதான் வாயில் வருகிறது. ஆறு வயதுப் பேத்தி 'ஆ கயீ தாத்தா' என்று எல்லார் முன்னாலும் திருத்துகிறாள். தெரிந்த விஷயம் ஏன் வாய்க்கு வரமாட்டேன் என்கிறது?

ஐயா, உங்கள் பேத்தியிடம் "பஸ் என்ன பால்?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று விழிப்பாள். பால் என்றால் குடிக்கிற பால்தானே என்பாள். அவளுக்கு விதி தெரியாது. பஸ் என்ற சொல்லைக் கேட்ட நாளிலிருந்தே கயீ, படீ, மேரீ என்ற பெண்பால் வடிவங்கள் எல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. உங்களுக்கோ பஸ் தனியாக ஒரு சொல். அது பெண்பால் என்பது அதைப் பற்றிய ஒரு தகவல். தகவலைத் தேடி எடுக்கக் கொஞ்சம் நேரம் வேண்டும். டிடிசி பஸ் அந்த நேரத்தைத் தராது.

தமிழர்களுக்கு இது கூடுதல் கஷ்டம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நாமும் வினைமுற்றில் பால் காட்டுகிறோம்: வந்தான், வந்தாள், வந்தது. ஆனால் அதற்கு நாம் பார்ப்பது பொருளை மட்டும்தான். மனிதரா இல்லையா, மனிதர் என்றால் ஆணா பெண்ணா, அவ்வளவுதான். உயர்திணை, அஃறிணை என்ற இந்தப் பிரிவை வைத்துத்தான் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தையே தொடங்குகிறது. அந்தப் பழக்கத்தில் பஸ், லாரி, மேஜை, மீசை எல்லாம் நமக்கு ஒரே 'அது'. இந்தியில் மேஜை பெண்பால், அறை ஆண்பால். மீசை பெண்பால், இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் சிரிப்பு எழும். முறுக்கு மீசையோடு பத்துப் பேர் ஜீப்பில் வந்து இறங்கினாலும் 'புலிஸ் ஆ கயீ'தான். 'ஈ'யில் முடிந்தால் பெண்பால் என்று யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதை நம்பினால் 'பானீ' (தண்ணீர்) காலை வாரிவிடும், அது ஆண்பால். ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸில், மாற்றலாகி வந்தவர்களுக்கு நான் மாலையில் இந்தி சொல்லிக்கொடுத்த காலத்தில், நோட்டில் ஒரு தப்புகூட இல்லாமல் எழுதுகிறவர்கள் காலையில் குழாயடியில் "பானீ ஆயீ க்யா?" என்று கேட்பது என் காதிலேயே விழும்.

அப்புறம், செய்தவரின் பெயருக்குப் பின்னால் ஒட்டும் அந்த 'நே' இருக்கிறதே. 'மைனே ரோட்டீ காயீ', நான் ரொட்டி சாப்பிட்டேன். சாப்பிட்டவர் நீங்கள், ஆண்பிள்ளை. வினை மட்டும் ரொட்டியைப் பார்த்து முடிகிறது. தமிழில் சாப்பிட்ட ஆளைப் பார்த்து 'சாப்பிட்டேன்' என்று முடித்தே பழகிய மனசு, இங்கே நடந்து முடிந்த செயலா, செயப்படுபொருள் உண்டா, அதற்குப் பின்னால் நம் 'ஐ' மாதிரியான 'கோ' வந்ததா, அது என்ன பால் என்று இத்தனையையும் பார்த்துவிட்டுத்தான் கடைசி எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பேச்சில் இதற்குக் கிடைக்கிற நேரம் ஒரு நொடிக்கும் குறைவு.

தாய்மொழிக்காரர்கள் இதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறார்கள் என்று காட்டிய ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். கேசி லூ-வில்லியம்ஸ், ஆன் ஃபெர்னால்ட் என்ற இருவர் அமெரிக்காவில் செய்தது. ஸ்பானிய மொழியில் பெயருக்கு முன்னால் ஆண்பாலுக்கு 'எல்', பெண்பாலுக்கு 'லா' என்ற சின்னச் சொல் வரும். இரண்டு படங்களைக் காட்டி, 'பந்து எங்கே?' என்பது போலக் கேட்டு, கண் எந்தப் படத்துக்குப் போகிறது என்று அளந்தார்கள். இரண்டு படங்களும் வேறு வேறு பாலாக இருந்தால், மூன்று வயதுக் குழந்தைகள் அந்தச் சின்னச் சொல்லைக் கேட்டதை வைத்தே சரியான படத்துக்குச் சீக்கிரம் போய்விட்டார்கள். இது 2007-இல் வந்தது. 2010-இல் அதே சோதனையை, வளர்ந்தபின் ஸ்பானியம் கற்றவர்களிடம் செய்தபோது, பழகிய சொற்களில்கூட அவர்களுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை. 'லா' காதில் விழுந்தது. ஆனால் அடுத்து வரப்போகும் சொல்லை ஊகிக்க அது உதவவில்லை. பெயர் முழுதாக வரும்வரை காத்திருந்தார்கள்.

ஆகவே உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். பட்டியல் போட்டு பால் மனப்பாடம் செய்வதை விடுங்கள். எந்தப் பெயரையும் தனியாகக் கேட்காமல், சொல்லாமல், ஒரு துணையோடு சேர்த்தே பழகுங்கள். 'டண்டா பானீ', 'அச்சீ சாய்', 'மேரீ கிதாப்', 'மேரா கர்' என்று ஒரே மூச்சில். 'கரம் சாய்' (சூடான டீ) என்று பழகினால் பயனில்லை, 'கரம்' எந்தப் பாலுக்கும் மாறாது. பேத்தி திருத்தும்போது, 'பஸ் ஆ கயீ' என்று முழுசாக ஒருமுறை நீங்களும் சொல்லிவிடுங்கள். 'சரி சரி' என்று தலையாட்டிவிட்டுப் படியேறினால் ஒன்றும் ஒட்டாது.

ரோகிணியிலிருந்து ஒரு வாசகர்: ஊரிலேயே ஹிந்தி பிரச்சார சபா பரீட்சைகளில் ப்ராத்மிக் தொடங்கி ப்ரவீண் வரை தேறியவன் நான். என் மனைவி ஒரு பரீட்சையும் எழுதியதில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அவள் பேசினால் கடைக்காரர் "ஆப் யஹீ கீ ஹைங் க்யா?" (நீங்கள் இந்த ஊர்தானா?) என்கிறார். நான் வாயைத் திறந்தால் "மதராஸ் சே?" (மதராஸிலிருந்தா?) என்கிறார். படித்தவனுக்கு இது நியாயமா?

நியாயம் இருக்கிறதோ இல்லையோ, காரணம் இருக்கிறது.

1918-இல் சென்னையில் காந்தி தொடங்கிவைத்த அந்தச் சபையின் வகுப்புகளில் படித்தவர்கள் நம் தெருவுக்கு நாலு பேர் இருப்போம். நானும் அந்த நீலமை பேனா கோஷ்டிதான். அங்கே கற்றது பெரும்பாலும் வாசிக்கவும் எழுதவும். விதி, உதாரணம், மொழிபெயர்ப்பு, மறுபடி விதி. உங்கள் மனைவி கற்றது தக்காளி விலையில்.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் உல்மன் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். மூளையில் இருவகை நினைவு உண்டு. பெயர், தேதி, சொற்பொருள் போன்ற தகவல்களை வைத்துக்கொள்வது ஒன்று. கை தானாகச் செய்யும் பழக்கங்களை வைத்துக்கொள்வது இன்னொன்று. பூ தொடுக்கிற பெண்ணிடம் எந்த விரல் முதலில் போகிறது என்று கேட்டால் அவள் தொடுத்துப் பார்த்துத்தான் சொல்வாள், அந்த மாதிரி. தாய்மொழி இலக்கணம் பெரும்பாலும் இந்த இரண்டாவது நினைவில் ஓடுகிறது. வளர்ந்தபின் கற்கும் மொழியின் இலக்கணம் தொடக்கத்தில் முதல் வகையில்தான் நிற்கிறது, பழகப் பழகத்தான் மெல்ல இடம் மாறுகிறது என்பது அவர் கருத்து.

இதை ஒட்டி காரா மார்கன்-ஷார்ட் என்பவர் உல்மனோடும் வேறு சிலரோடும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். 2012-இல் வெளியானது. சதுரங்கம் போன்ற ஒரு கணினி விளையாட்டை ஆடுவதற்காகவே ஒரு குட்டிச் செயற்கை மொழியை உருவாக்கி, ஒரு குழுவுக்கு இலக்கண விதிகளை விளக்கிச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு விதியே சொல்லாமல் உதாரணங்களாகக் கொட்டினார்கள். கடைசியில் சரி-தப்பு சொல்வதில் இரண்டு குழுவும் கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் மூளை அலைகளைப் பார்த்தபோது, உதாரணத்தால் கற்றவர்களுடையதுதான் தாய்மொழிக்காரர்களின் அலைகளைப் போல இருந்தது. மார்க் ஒன்று, உள்ளே நடக்கும் வேலை வேறு. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்று முதல் ஆறு மாதம் வரை அந்த மொழியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர்களை மறுபடி சோதித்தார்கள். அலைகள் இரண்டு குழுவிலுமே முன்னைவிடத் தாய்மொழிக்காரர்களுடையதை நெருங்கியிருந்தன. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் இந்தி மறந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அதற்காக உங்கள் ப்ரவீண் சர்ட்டிஃபிகேட்டைப் பரணில் போட வேண்டாம். மின்வாரியத்துக்கு எழுதும் புகாரை யார் எழுதுகிறார்கள், நீங்களா உங்கள் மனைவியா? அதுவும் இந்திதான். பரீட்சை உங்களைக் கெடுக்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகு ஆங்கில ஃபைல்களுக்கு நடுவில் உட்கார்ந்து தமிழ் நண்பர்களோடு டீ குடித்ததுதான் கெடுத்தது. இனி காய்கறிப் பையை நீங்கள் தூக்கிக்கொண்டு போங்கள்.

முனிர்காவில் அறை எடுத்துப் படிக்கும் ஒரு மாணவி: தாய்மொழி அல்லாதவர்கள் வாக்கியத்தை மேலோட்டமாகத்தான் அலசுவார்கள் என்று ஒரு கருதுகோள் இருப்பதாக வகுப்பில் சொன்னார்கள். இது நம்மை மட்டம் தட்டுவது போல் இல்லையா மேடம்?

மட்டம் தட்டுவதற்காக அவர்கள் சொல்லவில்லை அம்மா. ஆனாலும் எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

எஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் கிளாஸன், கிளாடியா ஃபெல்சர் இருவரும் 2006-இல் முன்வைத்தது அது. சொல்லின் பொருளையும் உலக நடப்பையும் வைத்து வாக்கியத்தைப் புரிந்துகொள்வதில், வளர்ந்தபின் கற்றவர் தாய்மொழிக்காரருக்குக் குறைந்தவர் அல்ல. ஆனால் வாக்கியத்தின் உள்கட்டுமானத்தை, எது எதோடு சேர்கிறது என்பதை, படித்துக்கொண்டே போகும் அந்த நொடியில் முழுசாகக் கட்டுவதில்லை என்பதுதான் அதன் சாரம்.

ஒரு வாக்கியம் தருகிறேன். 'பால்கனியில் நின்றுகொண்டிருந்த நடிகையின் வேலைக்காரியை யாரோ சுட்டுவிட்டார்கள்.' பால்கனியில் நின்றது யார்? நடிகையா, வேலைக்காரியா? இரண்டும் சரி. 1988-இல் குவெட்டோஸ், மிட்செல் என்ற இருவர் இப்படிப்பட்ட வாக்கியங்களை வைத்து, ஆங்கிலம் பேசுபவர்கள் நடிகை பக்கமும் ஸ்பானியம் பேசுபவர்கள் வேலைக்காரி பக்கமும் சாய்வதைக் காட்டினார்கள். அர்த்தத்தில் எந்தத் துப்பும் இல்லாத இடம் இது. கட்டுமானம் தரும் பழக்கம் மட்டும்தான் சாய்க்கிறது. 2003-இல் ஃபெல்சரும் கூட்டாளிகளும், ஜெர்மன், கிரேக்கம் பேசி வளர்ந்து ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்றவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அவர்கள் எந்தப் பக்கமும் சாயவில்லை. ஆனால் இரண்டு பெயர்களையும் இணைக்கும் இடத்தில், அர்த்தமுள்ள வேறொரு சிறுசொல்லை, நம் 'உடன்' மாதிரி ஒன்றை, வைத்தால் உடனே சாய்ந்தார்கள். அதாவது சொல் கைகொடுத்தால் பிடித்துக்கொள்கிறார்கள், வெறும் கட்டுமானத்தை மட்டும் நம்புவதில்லை.

இதுவரை எனக்குச் சம்மதம். 'தாய்மொழிக்காரர் ஆழமாக அலசுவார், மற்றவர் மேலோட்டமாக அலசுவார்' என்று இரண்டு ஜாதியாகப் பிரிக்கும்போதுதான் நான் ஒதுங்கிக்கொள்கிறேன். தாய்மொழிக்காரர்களும் வேண்டிய அளவுக்கு மேல் மெனக்கெடுவதில்லை. 'மனிதனால் நாய் கடிக்கப்பட்டது' என்ற வகை ஆங்கில வாக்கியங்களை அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்த கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்தால், கடித்தது நாய்தான் என்று எடுத்துக்கொள்கிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். ஃபெர்னாண்டா ஃபெரேரா 2003-இல் காட்டியது இது. நாய்தானே கடிக்கும் என்ற உலக நடப்பு, எதிரே இருக்கும் இலக்கணத்தை அமுக்கிவிடுகிறது. கிளாஸனும் ஃபெல்சருமே 2018-இல் மறுபடி எழுதியபோது, எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம் என்று தெளிவுபடுத்திவிட்டார்கள். வகுப்பில் 2006-ஐ மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால், அடுத்ததையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். என் பக்கத்துக்கு வலுவான சாட்சி அடுத்த பதிலில் இருக்கிறது.

ஜனக்புரியிலிருந்து ஒரு வாசகி: நேரில் பேசினால் என் இந்தி பரவாயில்லை. போனிலும் மெட்ரோவிலும் மட்டும் சுத்தமாகச் சொதப்புகிறது. எதிராளி சொல்வதும் பாதிதான் புரிகிறது. காது டாக்டரைப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

டாக்டரைப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன் இதைப் படியுங்கள்.

லூசியானாவில் ஜேனட் மெக்டொனால்ட் என்ற உளவியலாளர் 2006-இல் ஒரு நல்ல காரியம் செய்தார். தாமதமாக மொழி கற்றவர்களை மட்டும் சோதித்துவிட்டு 'பாருங்கள், தப்பு' என்று சொல்லாமல், தாய்மொழிக்காரர்களையும் கஷ்டத்தில் மாட்டிவிட்டார். காதில் இரைச்சல், மனசில் பாரம், யோசிக்க நேரமில்லை என்று வகைவகையாக நெருக்கிக்கொண்டே, வாக்கியம் சரியா தப்பா என்று ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்களைக் கேட்டார். அவர்களும் தடுமாறினார்கள். அதைவிட முக்கியம், எங்கே தடுமாறினார்கள் என்பது. பிற்காலத்தில் கற்றவர்கள் எங்கெல்லாம் இடறுகிறார்களோ, பெரும்பாலும் அங்கேதான். சொற்களின் அடிப்படை வரிசை போன்ற விஷயங்கள் இருவருக்குமே அசையாமல் நின்றன. பிற்காலத்தில் கற்றவர்களிடம் பார்த்தால், காதில் விழுந்ததைப் பிரித்தறியும் வேகமும் மனசில் தாங்கிவைக்கும் திறனும் கூடக்கூட இலக்கணத் தீர்ப்பும் சரியாக இருந்தது.

இதனால்தான் முனிர்கா மாணவியிடம் ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன். நாம் எப்போதும் ராஜீவ் சௌக் மெட்ரோ கூட்டத்தில் நின்றுகொண்டு இந்தி கேட்கிறோம், பக்கத்து வீட்டு குப்தாஜி அமைதியான அறையில் உட்கார்ந்து கேட்கிறார். அவரைக் கூட்டத்துக்குள் தள்ளினால் அவரும் நம்மைப் போலத்தான்.

நேரில் பேசும்போது உதட்டசைவு, கை, கண், எதிரே இருக்கும் பொருள் எல்லாம் உங்களுக்குத் துணை. போனில் அவை எதுவும் இல்லை. வார்த்தையின் வாலில் ஒட்டியிருக்கும் 'ஆ', 'ஈ', 'ஏ' என்ற ஓசைகளோ, இரைச்சலில் முதலில் காணாமல் போகிறவை. மெட்ரோவில் உங்களுக்கு ஒரு இலவசப் பாடம் இருக்கிறது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்ற அறிவிப்பில் கதவுக்கு ஆண்பால் பன்மை, பக்கத்துக்குப் பெண்பால்: 'தர்வாஸே', 'பாயீ'. ஒவ்வொரு நிலையத்திலும் அதே வடிவம். அர்த்தம் ஏற்கெனவே தெரியும் என்பதால், மனசு முழுக்க ஓசைக்குக் கிடைக்கும். போனில் மட்டும் கூச்சப்படாமல் "ஸரா தீரே போலியே" (கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்) என்று கேளுங்கள். வங்கியிலிருந்து பேசுகிறவருக்கு அது ஒன்றும் புதிதல்ல.

துவாரகாவிலிருந்து ஒரு மென்பொருள் இளைஞர்: மூளை அலை என்று அடிக்கடி எழுதுகிறீர்கள். என் தலையில் கருவி மாட்டினால், நான் இந்தி இலக்கணப் பிழையைக் கவனித்தேனா இல்லையா என்று தெரிந்துவிடுமா?

ஓரளவுக்குத் தெரியும் தம்பி. தலையில் மின்வாய்கள் வைத்த தொப்பியை மாட்டி, வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் காட்டுவார்கள். ஒருவர் ரொட்டியில் சாக்ஸைத் தடவினார் என்ற பொருள்படும் வாக்கியத்தை 1980-இல் மார்த்தா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் காட்டினார்கள். 'சாக்ஸ்' வந்த சுமார் 400 மில்லி நொடியில் எதிர்மறை மின்னழுத்த அலை ஒன்று எழுந்தது. பொருள் இடித்தால் எழும் அந்த அலைக்கு என்400 என்று பெயர். இலக்கணம் இடித்தால் சுமார் 600 மில்லி நொடியில் நேர்மறை அலை எழும், அது பி600. இந்தப் பி600-ஐ ஆஸ்டர்ஹவுட், ஹோல்கம் இருவரும் 1992-இல் எழுதினார்கள்.

அதே ஆஸ்டர்ஹவுட்டின் குழு சியாட்டிலில், கல்லூரியில் புதிதாக பிரெஞ்சு கற்கும் மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தது. எது நிஜ பிரெஞ்சுச் சொல், எது போலி என்று கேட்டபோது, சுமார் 14 மணி நேரமே வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் குத்துமதிப்பாகத்தான் பதில் சொன்னார்கள். ஆனால் அவர்கள் மூளை அலை இரண்டையும் பிரித்துக் காட்டியது. 2004-இல் வந்த கட்டுரை இது. இலக்கணத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். வினைவிகுதி தப்பாக வந்தால், தொடக்கத்தில் பலருக்கு எழுந்தது என்400. 'இந்தச் சொல்லுக்குப் பின் இந்த வடிவம் கேட்டதில்லையே' என்ற அளவில் மட்டும் மூளை திகைத்தது. பழக்கம் ஏறிய பிறகுதான் பி600 வந்தது. இதைப் பார்த்தபிறகு, ஆரம்பத்தில் இருப்பவர்களிடம் "விதியைச் சொல்லு பார்ப்போம்" என்று கேட்பதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆனால் என்400 என்றால் பொருள், பி600 என்றால் இலக்கணம் என்று நோட்டில் கோடு போட்டுக்கொள்ளாதீர்கள். இந்தியையே தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் 2009-இல் ஒரு சோதனை வந்தது. 'நே' வர வேண்டிய இடத்தில் இல்லாமலும், வரக்கூடாத இடத்தில் வந்தும் வாக்கியங்களைக் காட்டியபோது அவர்களுக்கே என்400 எழுந்தது, அதன் பின் ஒரு நேர்மறை அலையும். யார் செய்தார் என்ற பொருளோடு 'நே' அவ்வளவு பின்னிக்கிடக்கிறது போலிருக்கிறது. நம்மவர்களிடம் இதே சோதனையைச் செய்தால் என்ன வரும் என்று பார்க்க எனக்கு ரொம்ப ஆசை. தில்லியில் தலை கொடுக்கத் தமிழர்களுக்கா பஞ்சம்?

மயூர் விஹாரிலிருந்து ஓர் இளம் தாய்: பையனுக்கு நாலு வயது. வீட்டில் தமிழ், கீழே விளையாடும்போது இந்தி. எந்த வயதோடு கதவு மூடிவிடும்? தமிழைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இந்தியை ஏற்றச் சொல்கிறார்கள் பக்கத்தில் இருப்பவர்கள்.

தமிழை நிறுத்தாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பையன் கீழே போய் கிரிக்கெட் ஆடுகிறான் என்றால் இந்தி தானாக வந்து ஏறும். தமிழ் உங்களை விட்டால் மயூர் விஹாரில் அவனுக்கு எங்கிருந்து வரும்?

கதவு விஷயம். மொழி கற்க ஒரு பருவம் உண்டு, அது பூப்பு வயதோடு முடிகிறது என்று எரிக் லென்னபெர்க் 1967-இல் எழுதினார். 1989-இல் ஜாக்குலின் ஜான்சன், எலிசா நியூபோர்ட் இருவரும், 3 வயது முதல் 39 வயது வரை பல வயதுகளில் அமெரிக்கா போய்ச் சேர்ந்த சீன, கொரிய மொழிக்காரர்கள் 46 பேரைச் சோதித்தார்கள். ஏழு வயதுக்குள் போனவர்கள் அங்கே பிறந்தவர்களுக்குச் சமம். அதற்குமேல் போகப் போக மதிப்பெண் சரிந்தது. 2018-இல் ஹார்ட்ஸ்ஹோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் இணையத்தில் ஒரு இலக்கண விளையாட்டை விட்டு, சுமார் 6.7 லட்சம் பேரின் விடைகளை அலசினார்கள். இலக்கணம் கற்கும் வேகம் 17 வயது வாக்கில்தான் சட்டென்று குறைகிறது என்றார்கள். ஆனால் பிறவிக்காரரைப் போல் ஆக வேண்டுமானால் பத்து, பன்னிரண்டு வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும், ஏனென்றால் முழுசாகக் கற்கப் பல வருடம் ஆகும். அதே விடைகளை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2022-இல் திரும்பக் கணக்குப் போட்டு, பிற்காலத்தில் கற்பவர்களுக்கு அப்படிச் சட்டென்ற சரிவு இல்லை, சீராகத்தான் இறங்குகிறது என்றார்கள். சண்டை ஓயவில்லை. எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நாலு வயதுக்காரனுக்கு அவசரம் ஒன்றுமில்லை.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஒரு வாசகி: பெங்களூருவில் மூன்று வருடம் இருந்தோம். கன்னடம் சட்டென்று வந்தது. இந்தி மட்டும் ஏன் இழுக்கிறது?

கன்னடத்திலும் பஸ் வந்தால் 'பந்து' என்பதுதான், நம் 'வந்தது' மாதிரி. ஆணும் பெண்ணும் மனிதரோடும் தேவரோடும் நின்றுவிடுகின்றன, மேஜைக்குப் போவதில்லை. நம் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிடலாம். இந்தியிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும், அந்த மட்டில் நமக்கு ஆங்கிலத்தைவிட அது சுலபம். பாலும் 'நே'யும்தான் புதிதாகக் கட்ட வேண்டியவை. கன்னட ஞாபகத்தில் இந்தியை அளக்காதீர்கள்.

சரோஜினி நகரிலிருந்து ஒரு மாமி: தயிர் புளிக்கிறது என்பதற்கு 'தஹீ கட்டா ஹை' என்பதா, 'கட்டீ ஹை' என்பதா? மதர் டெய்ரி பூத்தில் ஒருவர் ஒன்று சொல்கிறார், மாடிவீட்டு பஞ்சாபிப் பெண் இன்னொன்று சொல்கிறாள்.

மாமி, அகராதிப்படி தஹீ ஆண்பால், 'கட்டா'. ஆனால் தில்லியில் பிறந்து வளர்ந்தவர்களே ஏராளமானோர் 'கட்டீ' என்கிறார்கள். இதை வைத்து அவர்கள் வீட்டுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்து நான் கேட்டிருக்கிறேன். தாய்மொழிக்காரர் என்றால் எல்லாரும் ஒரே அச்சு என்று நினைப்பதும் தப்பு. டாம்ப்ரோவ்ஸ்கா, ஸ்ட்ரீட் என்ற இருவர் இங்கிலாந்தில் 2006-இல், கொஞ்சம் வளைத்துச் சொல்லும் செயப்பாட்டுவினை வாக்கியங்களைக் கொடுத்தபோது, அதிகம் படிக்காத தாய்மொழிக்காரர்களைவிட வெளியிலிருந்து வந்து ஆங்கிலம் கற்றவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

பூத்துக்காரரிடம் 'கட்டா' என்றும் மாடிவீட்டில் 'கட்டீ' என்றும் சொல்லிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது பரீட்சையில் எழுதுவதாக இருந்தால் மட்டும் 'கட்டா'.